மடிநோய்ப் பாலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் முன்

காம்புக்குள் டியூப் மருந்து ஏற்றியும் அதே காம்பில் மறுபடி மறுபடி பால் திரிந்து வருகிறதா? மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துக் காசைக் கரைக்காதீர்கள். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பாலைச் சோதித்துவிடுங்கள். சோதனை சுலபம், ஆய்வக மேசையைத் தாண்டுவதுதான் பெரும்பாடு.

முதலில் கடிதம். மாட்டாஸ்பத்திரி டாக்டரின் கடிதம் இல்லாமல் பாட்டிலைக் கையில்கூட வாங்க மறுத்துவிட்டார்கள். போனில் கேட்டபோது "பாலை எடுத்துட்டு வாங்க" என்றதோடு சரி. காரைக்குடியில் காலை பஸ் பிடித்துக் கொண்டுபோன பால், வெயிலில் திரும்பி வந்து சாக்கடைக்குப் போனது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. மாட்டின் இனம், வயது, எத்தனையாவது ஈற்று, எந்தக் காம்பு, கடைசியாக மருந்து போட்ட தேதி எல்லாம் கடிதத்தில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தேதி ரொம்ப முக்கியம். பாலில் மருந்து தங்கியிருந்தால் மடியில் கிருமி இருந்தும் ஆய்வகத் தட்டில் வளராமல் போகலாம். 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்து நிற்கும். முதல் ஊசிக்கு முன்பே பாலை எடுத்துவிடுவது உத்தமம்.

மடியைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் காம்பு நுனியை, பஞ்சு அழுக்கில்லாமல் வரும் வரை தேய்க்க வேண்டும். துடைப்பது தூரத்துக் காம்பிலிருந்து, பால் எடுப்பது பக்கத்துக் காம்பிலிருந்து. அப்போதுதான் துடைத்த காம்பில் கை உரசாது. முதல் இரண்டு மூன்று பீச்சை விட்டுவிட்டு, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மில்லி எடுத்தால் போதும். நிமிர்த்திப் பிடித்தால் முடியும் சாணத்தூளும் உள்ளே விழும். கண்ட கிருமியும் கலந்து வளர்ந்து சோதனையே வீண். காம்புக்கு ஒரு பாட்டில். அடையாளத்தை மூடியில் எழுதாதீர்கள், பாட்டில் மேல் எழுதுங்கள்.

தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். கிருமி வளர 24 முதல் 48 மணி நேரம், எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் மருந்துத் தட்டுக்கு மேலும் ஒரு நாள். இடையில் வார விடுமுறை குறுக்கிடும், அதனால் வெள்ளிக்கிழமை வேண்டாம்.

எங்கள் மாட்டு ரிப்போர்ட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, பென்சிலினுக்கு எதிர்ப்பு (அந்த மருந்துக்குக் கேட்காது) என்று வந்தது. அதுவரை ஏற்றிய டியூபும் பென்சிலின்தான்! டாக்டர் அங்கேயே மருந்தை மாற்றி எழுதினார். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோதுதான் மூச்சு வந்தது.

ஒன்று மட்டும்: பால் மஞ்சள் தண்ணீராக வந்து, மாடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். ஈ.கோலை மாதிரிக் கிருமியின் நஞ்சு ரத்தத்தில் ஏறினால் ஒரே நாளில் மாடு போய்விடலாம். உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐக் கூப்பிடுங்கள்.

ஆரியஸ் கறப்பவர் கையிலேயே அடுத்த மாட்டுக்குத் தொற்றும். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறங்கள். டாக்டர் சொன்ன நாள் வரை அதன் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். சிகிச்சை முடிந்து 3 வாரம் கழித்து அதே காம்பில் மறுபடி பால் எடுத்துச் சோதித்துவிடுங்கள். கட்டி கரைந்து பால் வெள்ளையாக வந்தாலும் கிருமி உள்ளே பதுங்கியிருக்கலாம்.