பின்விளக்கு மங்கியதற்குக் காரணம் பல்பு இல்லை

எழுபதுகளில் வந்த பழைய பிக்கப் ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்ஜின் மேல் எனக்குப் புகார் இல்லை. கார்புரேட்டரும், தீப்பொறிக்குப் பாயிண்ட்டும் உள்ள வண்டி. சோக்கை இழுத்துவிட்டால் குளிரிலும் பிடித்துக்கொள்ளும். என்னை ஆறு வாரம் அலையவிட்டது பின்விளக்குதான்.

இரவில் மின்மினி மாதிரி எரியும். பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று ஆகாமல் இன்னும் மங்கும். இடது இண்டிகேட்டரைப் போட்டால் டாஷ்போர்டில் இரண்டு அம்புக்குறிகளும் சேர்ந்து கண் சிமிட்டும். முதலில் பல்பை மாற்றினேன், பிறகு பியூஸ், அப்புறம் பிரேக் சுவிட்ச். ஒவ்வொரு முறையும் விளக்குக் கூட்டை இரண்டு தட்டு தட்டினால் நன்றாக எரியும், நானும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவேன். தட்டினால் எரிகிறதே, அது ஏன் என்று யோசிக்கவில்லை.

கடைசியில் மல்டிமீட்டரை எடுத்தேன். விளக்கை எரியவிட்டு, ஒரு முனையை பல்பு ஹோல்டரின் உலோக உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். எர்த், அதாவது பல்பிலிருந்து கரன்ட் வண்டியின் உலோகம் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை, நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எனக்கு 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பல்புக்குப் போக வேண்டிய 12 வோல்ட்டில் 2 குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

இந்த வண்டியில் பின்தொட்டி தனி, கேபின் தனி. தொட்டி, சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது. விளக்கின் எர்த் அந்தத் தொட்டியின் தகடு வழியாக, நான்கைந்து போல்ட்டுகள் வழியாகத்தான் சேசிஸுக்குத் திரும்ப வேண்டும். ஐம்பது வருடத் துருவும், மேலே மேலே அடித்த பெயின்ட்டும் அந்த வழியை அடைத்திருந்தன. நேர்வழி இல்லாத கரன்ட், ஒரே பல்பில் இருக்கும் இன்னொரு இழை வழியாக அடுத்த ஒயரில் ஏறித் திரும்பியிருக்கிறது. டாஷ்போர்டில் தேவையில்லாத அம்புக்குறி எரிந்தது அதனால்தான்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அவசரப்பட்டதில் முதல் போல்ட்டே தலை முறிந்தது. மற்றவற்றுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்தேன். மறுநாள் முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்தினால் சொன்னபடி கேட்டன. உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைத் தகடு தெரியும்வரை சுத்தம் செய்தேன். அதோடு விடாமல், விளக்குக் கூட்டிலிருந்து சேசிஸுக்கு நேராகத் தனி ஒயர் இழுத்து, ஒயர் முனையில் மாட்டும் வளைய லக்கோடு பல் வாஷர் போட்டு இறுக்கினேன். போல்ட்டை இறுக்கிய பிறகுதான் மேலே பெயின்ட் பூச வேண்டும். முன்னாலேயே பூசினால் பழைய கதைதான். மீட்டர் 0.05 காட்டியது. பிரேக்கை மிதித்ததும் பின்சுவர் முழுக்கச் சிவந்தது.

அதே சூட்டில் பெட்ரோல் டேங்கின் எர்த்தையும் தேய்த்தேன். என் வண்டியில் அந்த எர்த்தில் மின்தடை கூடினால் பெட்ரோல் முள் கீழே இறங்கும். இத்தனை நாள் கால் டேங்க் என்று பயந்து பயந்து ஓட்டியது பாதி டேங்க் இருந்தபோதுதான்!

மற்றவை சில்லறை வேலைகள். தொங்கிய கதவுக்குக் கீல் முளையும் பித்தளை புஷ்ஷும் புதிதாகப் போட்டேன். வெடிப்பு விட்ட பெட்ரோல் ஹோஸை யோசிக்காமல் மாற்றினேன். பின் டிரம்மைத் திறந்தபோது தூசியைக் காற்றால் ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தேன். பழைய பிரேக் லைனிங்கில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். முறிந்த போல்ட்டை மட்டும் இன்னும் துளைபோட்டு எடுக்கவில்லை. அவசியமே இல்லாமல் வாங்கிய இரண்டு பிரேக் சுவிட்சுகளில் ஒன்று டாஷ்போர்டுப் பெட்டிக்குள் உருண்டுகொண்டிருக்கிறது.