37 வயதில் நடிக்க வந்தவர்

மருத்துவ ஆய்விதழ்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அட்டவணையில் இருப்பது மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று பார்க்க வேண்டும், ரெஃபரென்ஸ் வரிசையைச் சரிபார்க்க வேண்டும், கட்டுரை எழுதிய டாக்டருக்கு, சந்தேகம் கேட்டு நாசூக்காகக் குவெரி அனுப்ப வேண்டும். என் பெயர் எங்கேயும் வராது. அமெரிக்க நடிகர் ஜான் மஹோனியும் இதே தொழிலில் இருந்தவர் என்று தெரிந்த பிறகு, அவர் நடித்ததையெல்லாம் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

1940இல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் பிறந்து மான்செஸ்டரில் வளர்ந்தவர். அமெரிக்காவுக்குப் போய் ராணுவத்தில் சேர்ந்தார். ஊர்ப் பேச்சு வாடையை முயன்று விட்டொழித்தது அங்கேதான். அப்புறம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினார், சிகாகோவில் மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஆசிரியராக இருந்தார். 1977இல் செயின்ட் நிக்கோலஸ் தியேட்டரின் நடிப்பு வகுப்பில் சேர்ந்தபோது வயது 37. நடிகர் ஜான் மால்கோவிச் அழைத்ததால் சிகாகோவின் ஸ்டெப்பன்வுல்ஃப் நாடகக் குழுவுக்குப் போனார். 1986இல், அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருது.

இந்தக் கதை எங்கள் ஹெச்.ஆர். ஆட்கள் கையில் கிடைத்தால் ‘கனவைத் துரத்துங்கள்’ என்று போஸ்டர் அடித்துவிடுவார்கள். எனக்கென்னவோ, அந்த முதல் 37 வருஷமும் அவர் நடிப்பிலேயே தெரிவதாகத்தான் படுகிறது.

1987இல் வந்த ‘மூன்ஸ்ட்ரக்’ படத்தில் அவருக்குக் கொஞ்ச நேரம்தான். மாணவிகள் பின்னால் சுற்றும் பேராசிரியர். உணவகத்தில் கூட வந்த பெண், கிளாஸில் இருந்ததை மூஞ்சியில் ஊற்றிவிட்டுப் போகிறாள். துடைத்துக்கொண்டு, தனியாகச் சாப்பிட வந்திருக்கும் பெண்ணோடு (நடிகை ஒலிம்பியா டுகாகிஸ்) பேச உட்கார்கிறார். நடத்திய பாடத்தையே நடத்தி அலுத்துப்போனதை அந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொல்லும்போது, குரலில் சுயபச்சாதாபம் கொஞ்சமும் இல்லை. வகுப்பில் நின்று பழகிய மனுஷனால்தான் அதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியும்.

‘ஃப்ரேசியர்’ என்ற அமெரிக்க டி.வி. நகைச்சுவைத் தொடர் 1993 முதல் 2004 வரை ஓடியது. அதில் அவர் ரிட்டயர்டு போலீஸ்காரர் மார்ட்டின் கிரேன். மூத்த மகனாக நடித்த கெல்சி கிராமரைவிட 15 வயதுதான் பெரியவர். மகன்கள் இருவரும் ஒயினைப் பற்றியும் ஆப்பராவைப் பற்றியும் அளந்துகொண்டிருக்க, டேப் ஒட்டிய பழைய சாய்வு நாற்காலியில் இவர் கேட்டுக்கொண்டிருப்பார். சிரிப்பு வருவது பல நேரம் இவர் முகத்தைப் பார்த்துத்தான். இன்னொரு வேடிக்கை: இவரைக் கவனிக்க வந்த டாஃப்னி கதைப்படி மான்செஸ்டர்க்காரி, ஆனால் அந்த வேடத்தில் நடித்த ஜேன் லீவ்ஸுக்கு அந்த ஊர் இல்லை. அசல் மான்செஸ்டர்க்காரர் அமெரிக்க உச்சரிப்பில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்!

தொடர் முடிந்ததும் மறுபடி சிகாகோ மேடைதான். 2017இல், 77 வயதில், ஸ்டெப்பன்வுல்ஃபின் ‘தி ரெம்ப்ராண்ட்’ நாடகத்தில் நடித்தார். அடுத்த பிப்ரவரியில் காலமானார்.