ஆற்காட்டுக் குதிரை

ஜூலை 2

எங்கள் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நாடகத்துக்கு ஸ்டுடியோவில் பதிவு செய்த ட்ராக் கைக்கு வந்துவிட்டது. 21 பாட்டு. காட்பாடியில் இறங்கி பஸ் ஏறியதும் ஹெட்போனில் போட்டேன், நேராக குதிரைப் பாட்டுக்குப் போனேன். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பியின் படை வருகிறது. கோட்டைக்குள் மைசூர்க் கொடி ஏற்றி, ஜெயித்துவிட்டோம் என்றிருக்கும் சிப்பாய்களின் காதில் குளம்படி விழுகிறது. நாலரை நிமிஷம். பாலாற்றுப் பாலத்தில் அழுதுவிட்டேன்.

ஜூலை 5

அண்ணி கையில் வளையல் இல்லை. நான் கேட்கவில்லை.

ஜூலை 7

மேடைக்குப் பின்னால் தொங்கவிட, கோட்டை வரைந்த படுதா வந்து இறங்கியது. நாற்பது அடி நீளம். அகழியில் தண்ணீர் அசைவது போலவே இருக்கிறது. போட்டோவை நைனாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எங்களுக்கு ரெண்டு ஆள் திரை புடிச்சா போதும்" என்றார். இருமல் குறையவில்லை.

ஜூலை 10

காலையில் மக்கான் நினைவுத் தூணுக்கு எல்லோரும் மாலையோடு போனோம். 1806இல் இதே தேதி, விடிவதற்கு முன்.

ராத்திரி 900 நாற்காலிக்கு 140 பேர் இருப்பார்கள். தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகையைப் போடமாட்டோம் என்று சிப்பாய்கள் மறுக்கிற காட்சியில் நல்ல கைதட்டல். கல்யாணக் காட்சியில் கரண்ட் போனது, ட்ராக்கும் நின்றது. பதினெட்டுப் பேர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள், சத்தம் இல்லை. ஜெனரேட்டர் வந்ததும் வேறு பாட்டு ஓடியது. வெளியே மழை. ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். குதிரைப் பாட்டு வரைக்கும் போகவே இல்லை.

ஜூலை 11

63 பேர். பத்து மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்றார்கள். இன்றும் குதிரை வரவில்லை.

ஜூலை 12

மூன்றாம் நாள் ரத்து.

ஜூலை 14

தூக்கம் இல்லை. மொத்தம் 17 லட்சம். அதில் படுதாவும் லைட்டும் மட்டுமே ஏழு. அண்ணன் அதையே திரும்பத் திரும்பக் கூட்டுகிறார். எனக்கு உறுத்துவது ட்ராக்தான். ஆறு பேரை வைத்து நேரில் வாசிக்கலாம் என்று மார்ச்சிலேயே சொன்னேன். பிறகு நானும் சரி என்றேன், ஸ்டுடியோ சத்தத்தில் மயங்கிப்போனேன். நைனா ஆடிய கூத்தில் பெட்ரோமாக்ஸ் அணைந்தால் என்ன ஆகும்? மிருதங்கம் நிற்காது. முகவீணை நிற்காது. இருட்டிலேயே கட்டியங்காரன் இன்னும் நாலு அடி இழுப்பான், அதற்குள் யாராவது காற்று அடித்து ஏற்றிவிடுவார்கள். நம்முடைய பதினெட்டுப் பேருக்கும் குரல் இருந்தது. நல்ல குரல்கள். பாட விடாமல் வாயை மட்டும் அசைக்கச் சொன்னவன் நான்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. விடிய விடிய மழை. படுதா ஓட்டுத் திண்ணையில் கிடக்கிறது. ஓரம் ஊறி, தெற்கு மதில் நீலமாகக் கரைந்து வழிகிறது. தார்ப்பாய் போட்டேன். போதாது.

ஜூலை 20

அண்ணன் மகள் ஒன்று படித்துச் சொன்னாள். நியூயார்க்கில் 1988 மே மாதம் 'கேரி' என்ற இசை நாடகம். சுமார் 80 லட்சம் டாலர் செலவு. முறைப்படி திறந்த பிறகு ஐந்தே காட்சிகள், அத்தோடு மூடிவிட்டார்கள். 2012இல் வேறு ஆட்கள் சின்ன அரங்கில் மறுபடி போட்டார்கள். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் 24 வருஷம் என்று கணக்குப் போட்டேன்.

ஜூலை 21

இருமல் அதிகம். ஊசி போட்டார்கள்.

ஜூலை 23

திப்புவின் மகன் வேஷம் போட்டவர் செய்யாறு பக்கம் பாரதக் கூத்துக்குப் போய்விட்டார். சம்பள பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

ஜூலை 24

நைனா கேட்டார், "அந்தக் குதிரைப் பாட்டு எங்கடா?" ஆர்மோனியத்தைக் கட்டிலருகே வைத்து வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னா தாளம்டா இது. 25 கிலோமீட்டர் ஓடிவந்த குதிரைக்கு மூச்சு வாங்காதா?" கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக் காட்டினார். மூன்றாவது தட்டு கொஞ்சம் தாமதித்து விழுகிறது. சரிதான், அதுதான் சரி. ராத்திரி முழுக்க அதையே வாசித்தேன். சரணம் மாற வேண்டும்.

ஜூலை 25

படுதாவைப் பார்க்க வாலாஜாவிலிருந்து ஆள் வருகிறார். நாளை காலை பத்து மணி.