உறுப்பு தானம்: விருப்பத்தை எழுத்தில் வைக்கும் நாட்கள்

பிப்ரவரி 3

இறப்புக்குப் பின் என் உறுப்புகளையும் திசுக்களையும் தானமாக அளிக்கும் விருப்பத்தைச் சட்டப்படி பதிவு செய்யும் வேலையை இன்று தொடங்கினேன். உயிலில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. உயில் பெரும்பாலும் இறுதிச் சடங்குகள் முடிந்த பிறகுதான் பிரித்துப் படிக்கப்படுகிறது. எடுக்கப்பட்ட இதயத்தையோ நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் இன்னொருவருக்குப் பொருத்தியாக வேண்டும். சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். கருவிழியை இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுப்பது பொதுவான நடைமுறை. ஆகவே தானப் பதிவேட்டில் பெயரைச் சேர்ப்பதோடு, உடனே கைக்குக் கிடைக்கும்படி தனி ஆவணம் ஒன்றையும் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 5

சட்டங்களைப் படித்தேன். அமெரிக்காவில் 1968இல் உருவான மாதிரிச் சட்டம், வயது வந்த எவரும் எழுத்து மூலம் தம் உடலைத் தானமளிக்க வழி செய்தது. இந்தியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டமோ இரண்டு சாட்சிகளாவது வேண்டும் என்றும், அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஸ்பெயின் 1979இலும், வேல்ஸ் 2015இலும், இங்கிலாந்து 2020இலும், மறுப்புத் தெரிவிக்காதவர் இசைந்தவராகக் கருதப்படுவார் என்ற முறையைக் கொண்டுவந்தன. ஆயினும் ஸ்பெயினில்கூட மருத்துவர்கள் குடும்பத்தாரைக் கேட்டுவிட்டுத்தான் செயல்படுகிறார்கள். சட்டம் எப்படி இருந்தாலும் கேள்வி கடைசியில் குடும்பத்திடமே வந்து சேர்கிறது என்பதால், நான் எழுதுவது முதலில் அவர்களுக்குப் புரிய வேண்டும்.

பிப்ரவரி 9

படிவத்தில் உறுப்புகள், திசுக்கள், ஆய்வுப் பயன்பாடு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. உறுப்பு தானம் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூளைச்சாவு அடைந்தவர்களுக்கே சாத்தியம். கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு போன்ற திசுக்களை இதயம் நின்ற பிறகும் எடுக்கலாம். மருத்துவக் கல்லூரிக்கு முழு உடலை அளிப்பது வேறு ஏற்பாடு. வயதையும் நோயையும் காரணமாக்கி நாமே விலகிக்கொள்ளத் தேவையில்லை. தகுதியை அந்த நேரத்தில் மருத்துவர்களே முடிவு செய்வார்கள்.

பிப்ரவரி 14

மிகவும் யோசிக்க வைத்தது இன்றைய சிக்கல். குணமடைய வழியில்லாத நிலையில் செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று நான் முன்பே ஒரு மருத்துவ அறிவுறுத்தலில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மூளைச்சாவு உறுதி செய்யப்படும் வரையிலும், அதன் பிறகு உறுப்புகள் எடுக்கப்படும் வரையிலும் அந்தக் கருவிதான் உறுப்புகளுக்கு ரத்தமும் பிராணவாயுவும் செல்வதைக் காக்கிறது. இரண்டு ஆவணங்களும் ஒன்றோடொன்று மோதினால், மருத்துவர் முதல் ஆவணத்தின்படி கருவியை அகற்றிவிடலாம். அல்லது எதை நம்புவது என்று குடும்பத்தார் திகைக்கலாம். எனவே, தானத்துக்குத் தேவையான பரிசோதனைகளுக்காகவும் ஏற்பாடுகளுக்காகவும் மட்டும், குறுகிய காலத்துக்குச் செயற்கைச் சுவாசத்தைத் தொடர நான் சம்மதிக்கிறேன் என்றும், தானம் இயலாது என்று தெரிந்தவுடன் அதை நிறுத்த வேண்டும் என்றும் இரு ஆவணங்களிலும் ஒரே வாசகத்தைச் சேர்த்தேன். இது படிவத்தில் அச்சிடப்படாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பிப்ரவரி 16

தம்பியிடம் படித்துக் காட்டினேன். “தானம் கொடுப்பவர் என்று தெரிந்தால் உன்னைக் காப்பாற்ற முழுதாக முயல மாட்டார்களோ, அண்ணா?” என்று கேட்டான். நியாயமான அச்சம்தான். மூளைச்சாவை உறுதி செய்யும் மருத்துவர்கள் மாற்று அறுவைக் குழுவில் இருக்கக் கூடாது என்ற விதியை விளக்கினேன். அவன் சாட்சியாகக் கையெழுத்திட்டான்.

பிப்ரவரி 20

பிரதிகள் மனைவியிடமும், தம்பியிடமும், குடும்ப மருத்துவரின் கோப்பிலும் உள்ளன. மூலப் பிரதியை வங்கிப் பெட்டகத்தில் வைக்கவில்லை, அது இரவில் திறக்காது. ஆய்வுப் பயன்பாட்டுக்கான கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எந்த வகை ஆய்வு என்று கேட்டறிந்த பிறகு முடிவு செய்வேன்.