அவசரம்

காட்பாடியிலிருந்து சித்தூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கடை போர்டுகளில் எழுத்து உருண்டையாகிவிடும். மற்றபடி அதே புளியமரம், அதே கரும்பு, அதே மாந்தோப்பு. கண்டக்டர் இரண்டு பாஷையிலும் சில்லறை கேட்பார். இந்தப் பாதையில் எட்டு மாதம், வாரத்துக்கு இரண்டு தடவையாவது போய் வந்தேன். வேலூரில் நான் உதவிப் போதகராக இருக்கும் சபை, சித்தூரில் ஒரு கிளைச் சபை தொடங்குவது என்று முடிவெடுத்து, ஆயத்த வேலையை என் தலையில் கட்டியிருந்தது.

தலையில் கட்டியது என்று சொல்லக் கூடாதுதான். நானே கேட்டு வாங்கிய வேலை. ஊழியத்துக்கு வருவதற்கு முன் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் பதினொரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். எந்த வேலையானாலும் ஒரு நோட்டைப் போட்டு, நாள் குறித்து, ஆள் குறித்து, செலவு குறித்தால்தான் தூக்கம் வரும். நவம்பரில் கமிட்டி கூடியபோது அப்படி ஒரு நோட்டோடுதான் போனேன். ஹால், சங்கப் பதிவு, பேங்க் கணக்கு, ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, கீபோர்டு, நூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஜமுக்காளம், திருவிருந்துப் பாத்திரம். ஈஸ்டருக்குத் திறப்பு. மூப்பர்களுக்கு நோட்டு ரொம்பப் பிடித்துப்போனது.

பெரிய பாஸ்டர், "சித்தூர் என்ன வேற ஊரா? நம்ம ஜில்லாதானே" என்றார். தப்பில்லை. 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரமே சித்தூர்தான். அப்புறம்தான் அது வேலூருக்கு வந்தது. 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சித்தூர் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்கள் வட்டாரத்தில் சபை வரலாறு பேசுகிறவர்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கட்டர் சகோதரர்களில்தான் ஆரம்பிப்பார்கள். அந்த மிஷனும் தமிழிலும் தெலுங்கிலும் சேர்ந்தே நடந்தது. அதனால், புது ஊருக்குப் போகவில்லை, நம் வீட்டுப் பின்கட்டுக்குத்தான் போகிறோம் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது. எனக்கும்தான்.

சித்தூரில் ஏற்கெனவே சபைகள் இல்லையா என்றால், நிறையவே இருக்கின்றன. எங்கள் சபையிலிருந்து கல்யாணமாகியும் வேலை மாறியும் அங்கே போன நான்கு குடும்பங்கள், தமிழில் ஆராதனை வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முதல் மாதம் முழுக்க அங்குள்ள போதகர்களைத்தான் போய்ப் பார்த்தேன். வேலூர்க்காரன் ஆடு திருட, அதாவது மற்ற சபை ஆட்களை இழுக்க, வந்திருக்கிறான் என்று பேச்சு கிளம்பினால் அப்புறம் எதுவும் நடக்காது. இரண்டு பேர் காப்பி கொடுத்தார்கள். ஒருவர் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஹால் தேடிய கதையைத்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடித்தனத்துக்கு என்றால் வீடு கிடைக்கும். ஜெபம் நடத்த என்றதும் உரிமையாளரின் மச்சானுக்குத் திடீரென்று அந்த வீடு தேவைப்பட்டுவிடும். ஒரே வாரத்தில் மூன்று மச்சான்கள். நான் அதில் கோபப்படவில்லை. வேலூரில் என் வீட்டுக்கு அடுத்த மாடியில் யாராவது கூட்டம் நடத்தினால் நானும் முகம் சுளிப்பேன். கடைசியில் கட்டமஞ்சி பக்கம் ஒரு வெல்ல மண்டியின் மாடி அமைந்தது. உரிமையாளர் ரிட்டயர்டு வாத்தியார். தெலுங்குக்காரர், ஆனால் சித்தூரில் அந்த வயதுக்காரர்கள் பலரைப் போலத் தமிழும் சரளமாகப் பேசுவார். "மைக் வேண்டாம்" என்றார். நான் கொஞ்சம் மேதாவித்தனமாக, 2000-ஆம் வருஷத்து ஒலி விதிப்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும்தான் தடை, பகலில் அனுமதி வாங்கி, குடியிருப்புப் பகுதிக்கான 55 டெசிபலுக்குள் வைத்துக்கொள்கிறோம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டம் எனக்குத் தெரியும் சார். எங்க மாமியாரோட மத்தியானத் தூக்கம் உங்களுக்குத் தெரியாது" என்றார். ஸ்பீக்கர் பெட்டிகள் இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

வெல்ல மண்டியின் மேலே இருப்பதில் இன்னொரு விஷயம், எறும்பு. முதல் முறை ஜமுக்காளத்தை விரித்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போய் வந்தேன். சிவப்புக் கோடு போட்ட ஜமுக்காளத்தில் கறுப்பாக ஒரு கோடு சேர்ந்திருந்தது. உற்றுப் பார்த்தால் நகர்ந்தது. மஞ்சள் தூளும் சாக்பீஸும் அன்றைக்கு நோட்டின் செலவுப் பக்கத்தில் ஏறின.

சங்கப் பதிவு சுலபம் என்று நினைத்திருந்தேன். எங்கள் வேலூர் சங்கம் 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டத்தில் பதிவானது. ஆந்திராவுக்கு 2001-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. அதிலும் குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு குடும்பம், ஏழு கையெழுத்து, கணக்கு சரியாக வருகிறதே என்று பெயர்களை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஆறு கையெழுத்து ஒரே மாலையில் முடிந்தது. ஏழாவது ஆள் லாரி மெக்கானிக். காகிதத்தை வாங்கிப் படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். "வரேன் பாஸ்டர், பாடறேன், நாற்காலி தூக்கறேன். கையெழுத்து மட்டும் பொண்ணு காலேஜ் சேர்ற வரைக்கும் கேக்காதீங்க."

எனக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டால் அவர் கிறிஸ்தவர் என்று காகிதத்தில் ஏறிவிடும். 1950-ஆம் வருஷத்து உத்தரவுப்படி எஸ்.சி. அந்தஸ்து இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர்களுக்கு மட்டும்தான். ஆந்திராவில் எஸ்.சி. சமூகங்களிலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள் பி.சி.-சி பிரிவில் வருவார்கள். அதற்கு ஒதுக்கீடு ஒரு சதவீதம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் வாய் கிழியப் பேசிவிடலாம். ஒரு பெண்ணின் படிப்பு வாசற்படியில் நிற்கும்போது என்ன பேசுவது? அவர் வீட்டு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். தனிப் பதிவு வேண்டாம், இப்போதைக்கு வேலூர் சங்கத்தின் கிளையாகவே இருக்கட்டும் என்று கமிட்டியில் எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று இரண்டு மூப்பர்கள் கேட்டார்கள். ஆள் பற்றவில்லை என்று மட்டும் சொன்னேன்.

இதற்கிடையில் ஈஸ்டர் வந்து போய்விட்டது.

மே மாதம் ஒரு ராத்திரி எட்டு மணிக்கு போன். எங்கள் குடும்பங்களில் ஒன்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், தெலுங்கு மட்டும் தெரிந்தவர். வீட்டு ஜெபத்துக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். "வந்தனாலு அய்யகாரு. மா இண்ட்டிகி மீ ப்ரார்த்தன அவசரம்" என்றார். அவசரம் என்ற ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. யாருக்கு, என்ன என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. மனைவி போட்ட தோசையை அப்படியே விட்டுவிட்டு, பைபிளையும் ஒரு சட்டையையும் பையில் திணித்துக்கொண்டு காட்பாடிக்கு ஓடி, கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் ஆஸ்பத்திரி, ஆக்ஸிடென்ட் என்று மனம் எங்கெங்கோ போனது. வீட்டு வாசலில் போய் நின்றால், குடும்பமே உட்கார்ந்து டிவி பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்து அவர்கள் பதறிவிட்டார்கள். என்ன ஆச்சு அய்யகாரு, இந்நேரத்தில் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் வீட்டுக்கு உங்கள் ஜெபம் தேவை, எப்போதாவது வாருங்கள் என்று அவர் மரியாதையாகச் சொன்னதற்குத்தான் நான் ராத்திரியில் எல்லை தாண்டி ஓடி வந்திருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு அடங்க கால் மணி நேரமானது. எனக்கும் ஒரு தட்டு போட்டார்கள். ஆனால் அன்று சாப்பிட்ட பிறகுதான் அந்த அம்மா வாய் திறந்தார். இரண்டு வருஷமாக மகன் வீட்டோடு பேசுவதில்லை, பெங்களூரில் எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது. நான் குறித்த நாளில், குறித்த நேரத்தில் நோட்டோடு போயிருந்தால் அதைச் சொல்லியிருப்பாரா என்று இப்போதும் யோசிப்பதுண்டு. அன்று கடைசி பஸ் போய்விட்டது. மண்டி மாடியில் எறும்புகளோடு படுத்துக்கொண்டேன்.

ஜூன் பிறந்ததும் வீட்டு ஜெபத்துக்கு வரும் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. நான்கு வாரம் தொடர்ந்து காலி ஜமுக்காளம். ஏதோ மனவருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து விசாரித்தால், மாங்காய் சீசன். சித்தூரைச் சுற்றிலும் மாம்பழக் கூழ் ஃபாக்டரிகள். தோத்தாபுரி, எங்கள் பக்கம் பெங்களூரா என்போமே, அந்தப் பழம் லாரி லாரியாக வந்து நிற்கும். பழம் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் சீசனில் ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. லோடு குறைகிற அன்றைக்கு மட்டும் லீவு, அதுவும் அன்று மத்தியானம்தான் தெரியும். பதினொரு வருஷம் ஷிப்ட் போர்டு எழுதியவன் நான். 'ஞாயிறு காலை 9.30 ஆராதனை' என்று யாரையும் கேட்காமல் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, அடியில் கோடு வேறு போட்டிருந்தேன். அந்தப் பக்கத்தை இப்போது பார்க்க வெட்கமாக இருக்கிறது.

பாட்டுப் புத்தகத்திலும் இதே கதைதான். வேலூரிலிருந்து ஐம்பது தமிழ்ப் பாட்டுப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். பெரியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் வாங்கி, புரட்டி, ஓரமாக வைத்துவிட்டார்கள். வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசுகிற பிள்ளைகள்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து அவர்களுக்குச் சித்திரம். சரி, தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுப்போம் என்று ஒரு தெலுங்கு 'அ ஆ' புத்தகம் வாங்கி, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நாற்பது வயதில் சுழி போடப் பழகினேன்.

நமக்கு ஒரு 'க' போதும். தெலுங்கில் நான்கு. கர்த்தர் என்பதற்கு எந்தக் 'க', மகிமை என்பதற்கு எந்தக் 'க' என்று ஒவ்வொரு எழுத்திலும் நின்று, வாயால் சொல்லிப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் பாடிய பாட்டை அப்போதுதான் காதால் கேட்ட மாதிரி இருந்தது. 'ழ' இன்னும் மோசம். இன்றைய தெலுங்கு எழுத்தில் அது இல்லை. வாழ்த்து, வாள்த்து ஆகும். மகிழ்ச்சி, மகிள்ச்சி ஆகும். வாளால் குத்துவது போல ஒரு துதிப் பாட்டு. இருந்தாலும் அப்படியே விட்டேன். எங்கள் வேலூர்ப் பக்கம் மட்டும் 'ழ' என்ன நேராகவா நிற்கிறது?

ஜூன் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு போன் வந்தது, இன்றைக்கு லோடு இல்லை என்று. ஏழரை மணிக்கு மண்டி மாடியில் ஒன்பது பெண்கள், ஒரு பாட்டி, பாட்டியின் பேத்தி. பேத்தி எட்டாவது படிக்கிறாள். 23-ஆம் சங்கீதத்தைத் தமிழில், தெலுங்கு எழுத்தில், நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவளை வாசிக்கச் சொன்னேன். முதல் வரியில் 'மேய்ப்பர்' வரைக்கும் ஒழுங்காக வந்தாள். 'தாழ்ச்சியடையேன்' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். தாள்ச்சி என்றாள், மறுபடி தாள்ச்சி என்றாள், அப்படி என்றால் என்ன என்று என்னைப் பார்த்தாள். நான் குறைவு, வறுமை என்று பிரசங்க பாஷையில் ஆரம்பித்தேன். பாட்டி கையை ஆட்டி என்னை நிறுத்தினார். "உங்க பைபிள்ல லேமி கலுகதுன்னு இருக்குதில்ல, அதாண்டி இது. ஒண்ணும் கொறையாது."

"ஓ, லேமியா" என்றாள் பேத்தி.

தெலுங்கு பைபிளில் அந்த வரி 'யெஹோவா நா காபரி' என்று தொடங்கும். நம் பைபிள் கர்த்தர் என்கிற இடத்தில் அவர்கள் யெஹோவா என்பார்கள். அவள் தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் என்று மாற்றி மாற்றி வாசிக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் அவள் பின்னாலேயே சொன்னார்கள், சிலர் தமிழை, சிலர் தெலுங்கை, ஒரே நேரத்தில். மைக் இல்லை, கீபோர்டு இல்லை. நோட்டு கை மாறிக்கொண்டே போனது. காலையிலிருந்து ராத்திரி வரை காம்பு கிள்ளி வெட்டிய கைகள், நகக்கண் எல்லாம் மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்துப்போய், விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது. ஒருவர் அந்தக் கையால் தொடக் கூச்சப்பட்டு, முந்தானையால் பிடித்து நோட்டை வாங்கினார்.

கலைந்து போகும்போது பாட்டி கேட்டார், "தெறப்பு எப்போப்பா?"

"மாங்கா முடியட்டும் பாட்டி" என்றேன்.

பேத்தி போகவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டிக் கேட்டு வாங்கி, நோட்டைத் தரையில் வைத்துக் குனிந்து, நான் போட்டிருந்த சுழிகளில் இரண்டை அடித்துத் திருத்தினாள். மூன்றாவது ஒன்றையும் பார்த்தாள். "இது பரவால்லை பாஸ்டர், படிச்சிக்கலாம்" என்று நோட்டை மூடிக் கொடுத்தாள்.