பாட்டி கேட்ட இரண்டு காரியங்கள்

ஒரு பருவம் படிப்பதற்காக லண்டனிலிருந்து செக் நாட்டுத் தலைநகர் பிராகுக்குப் புறப்பட்டபோது, பாட்டி என்னிடம் இரண்டு காரியங்களைக் கேட்டார். அங்குள்ள பிங்கஸ் என்னும் யூத ஜெபாலயத்தின் சுவரில் தம்முடைய தாத்தா, பாட்டியின் பெயர்களைத் தேடிக் கண்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; ஒரு வெள்ளிக்கிழமையாவது ஆல்ட்நாய் ஜெபாலயத்தில், சூரியன் மறையும்போது தொடங்கும் எங்கள் ஓய்வுநாளான சபாத்தை வரவேற்க வேண்டும். பாட்டியின் அம்மா 1939இல், ஒன்பது வயதில், நாஜிகளிடமிருந்து காப்பாற்றப் பிராகிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவந்த ரயிலில் தனியாக லண்டன் வந்தவர். வழியனுப்பிய பெற்றோரை அவர் மறுபடி பார்க்கவேயில்லை. அவர் ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு வழக்கம்: வெள்ளிக்கிழமை மாலையில் 92ஆம் சங்கீதத்தைப் பாடி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து பாடுவார். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் பாடணும்" என்பாராம்.

இங்கே என் நாட்கள் எளியவை. நால்வர் பகிர்ந்துகொள்ளும் சமையலறையில் எனக்கென்று ஒரு சட்டியும் ஒரு கத்தியும் தனியாக வைத்திருக்கிறேன். இறைச்சியை அடியோடு விட்டுவிட்டதால் கோஷர் என்னும் எங்கள் உணவு விதிகளின் சிக்கல் பாதி தீர்ந்துவிட்டது. தினமும் காலையில் சார்லஸ் பாலத்தைக் கடந்துதான் வகுப்புக்குப் போக வேண்டும். அங்குள்ள சிலுவைச் சிற்பத்தைச் சுற்றிப் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்னும் நம் துதி பொன்னிற எபிரேய எழுத்துகளில் இருக்கிறது. 1696இல் ஒரு யூதர்மீது தெய்வநிந்தனைக் குற்றம் சுமத்தி, அவரிடம் வாங்கிய அபராதத்தில் பொருத்திய எழுத்துகள் அவை. முதல் வாரம் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன். பிறகு, யார் எதற்காக எழுதி வைத்தாலும் வார்த்தை இறைவனுடையதுதானே என்று, அதையே காலை ஜெபமாகச் சொல்லிக்கொண்டு கடக்கத் தொடங்கினேன்.

பிங்கஸுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது. தெருவில், இவ்வூர்ப் பழங்கதையில் உயிர்பெற்று நடக்கும் களிமண் மனிதனான கோலெமின் பொம்மையை முகத்துக்கு நேராக நீட்டுகிறார்கள். உள்ளே ஒரு வழிகாட்டியின் குரல் அடங்கும் முன் அடுத்தவர் தொடங்குகிறார். நாஜிகளால் உயிரிழந்த ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள் எழுதப்பட்ட சுவருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில், ஆளின் பெயர் கறுப்பில், பிறந்த நாள், கடைசியாக உயிரோடிருந்ததாகத் தெரிந்த நாள் என்று வரிவரியாக ஓடும் அந்தச் சிறிய எழுத்துகளில் முக்கால் மணி நேரம் தேடினேன். தலைக்கு மேலே, அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும் உயரத்தில், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பின்னாலிருந்து யாரோ தோளை இடித்துக்கொண்டிருக்க, இரண்டு பெயர்களையும் உரக்கச் சொன்னேன். இடித்தவர் நின்றுவிட்டார். அடுத்திருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில், 1609இல் மறைந்த, மகரால் எனப்படும் பெரிய யூத மதகுருவின் கல்லறை விளிம்பில் நம் வழக்கப்படி இரண்டு கூழாங்கற்களை வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் கைகூடாமல் போய்க்கொண்டிருந்தது. டிசம்பரில் இங்கே நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. வகுப்போ மூன்றரை வரை நீளும். இரண்டு வாரம் அறைக்கு ஓடி மெழுகுவர்த்தி ஏற்றியதோடு சரி. மூன்றாவது வாரம் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பி, விளக்கேற்றிவிட்டு, சபாத்தில் வண்டியேறக் கூடாதென்பதால் டிராமை விட்டு உறைபனியில் வழுக்கி வழுக்கி நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

1270ஐ ஒட்டிக் கட்டிய ஆலயம் அது. தெருமட்டத்திலிருந்து படியிறங்கித்தான் நுழைய வேண்டும். "ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்பது இறங்கும்போதே நாவில் வந்துவிட்டது. பெண்களுக்குத் தனி அறை. கனத்த கற்சுவரில் விட்டிருக்கும் குறுகிய பிளவு வழியாக நடுமேடையின் இரும்புக் கிராதியில் ஒரு துண்டும், விளக்கொளியும், ஒரு முதியவரின் கறுப்புக் கோட்டுத் தோளும் மட்டுமே எனக்குத் தெரிந்தன. பிளவின் ஓரத்தில் கையை வைத்தேன். கல் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. 92ஆம் சங்கீதம் வந்தது. "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்ற இடத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். முடிந்தது. அடுத்ததற்கு மூச்சை இழுத்த அந்த நொடியில், அவர்கள் மறுபடி முதலிலிருந்து பாடத் தொடங்கினார்கள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கால்கள் தளர்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டேன். பக்கத்திலிருந்த அம்மையார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கே எப்போதும் இரண்டு முறைதான் என்று மெல்லச் சொன்னார். இந்த அறையில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சிறுமி, பெற்றோரையும் வீட்டையும் பறிகொடுத்த பிறகும் இதை மட்டும் விடாமல் எண்பது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் குடும்பத்தில் காத்துக் கொடுத்திருக்கிறாள். காக்கச் செய்தவர் துதிக்கப்படுவாராக! அதன் பிறகு என்னென்ன ஜெபம் நடந்தது, எப்போது முடிந்தது, பாலத்தை எப்படிக் கடந்து திரும்பினேன் என்று எதுவும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. நன்றி, நன்றி என்பதைத் தவிர மனத்தில் வேறு சொல்லே இருக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று நட்சத்திரம் தெரிந்து சபாத் முடிந்ததும் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்தேன். விவரம் சொன்னதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்போ அது அம்மாவோட வழக்கம் இல்லையாடா கண்ணு, கோயிலோட வழக்கமா?" என்றார். பிறகு தளர்ந்த குரலில் சங்கீதத்தைத் தொடங்கினார். நானும் இங்கிருந்தபடியே சேர்ந்துகொண்டேன். ஒரு முறை முடிந்ததும் இருவருமே நிறுத்தவில்லை.