மூன்று வாரத்துக்கு ஓர் அலமாரி

2020 ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமையன்று, சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று மாநகராட்சிகளிலும் கொரோனா பரவலால் ஞாயிறு தொடங்கி நான்கு நாட்களுக்கு முழு ஊரடங்கு என்று அரசு அறிவித்தபோது, மதுரையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஐந்து பேருக்கு இரண்டு நாள் காணும் அளவுக்கே துவரம் பருப்பு இருந்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். எனக்கு முன்பே அறுபது எழுபது பேர் நின்றிருந்தார்கள். தரையில் சுண்ணாம்பால் போட்டிருந்த வட்டங்களை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பின்னால் நின்றவரின் பை என் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. முன்னால் நின்ற பெரியவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருமினார். இரண்டரை மணி நேரம் கழித்து இரண்டு கிலோ பருப்புடனும் ஒரு லிட்டர் நல்லெண்ணெயுடனும் வீடு திரும்பினேன். அதற்கு முந்தைய ஒரு மாதமாகப் பால் பாக்கெட்டைக்கூடச் சோப்பு நீரில் கழுவி உள்ளே எடுத்த குடும்பம் எங்களுடையது.

அன்றிரவு படுத்தபோது ஒரு கேள்வி தூங்கவிடவில்லை. நான்கு நாள் பருப்பில்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமுமாக அந்த நாட்கள் கழிந்திருக்கும். பிள்ளைகள் முகம் சுளித்திருப்பார்கள், அவ்வளவுதான். தட்டுப்பாட்டினால் வந்திருக்கக்கூடிய கெடுதலைவிட, தட்டுப்பாட்டுக்கு அஞ்சி நாங்கள் எல்லோரும் கூடி நின்ற அந்த இரண்டரை மணி நேரத்தின் கெடுதல் பெரிது. வீட்டில் பொருள் இருப்பு வைப்பது பட்டினிக்குப் பயந்து செய்கிற வேலை என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஊரே கடைக்கு ஓடுகிற அந்த ஒரு நாளில் நாம் ஓடாமல் இருப்பதற்காகவே அது வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்து நடந்தவையும் அதையே காட்டின. கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்ததால் மே 5 அன்று அது மூடப்பட்டது. எங்கள் ஊரில் ஜூன் மாதத்தில் பரவை காய்கறிச் சந்தை அதே நிலைக்கு வந்தது. ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு; ஒரு வாரம் என்று தொடங்கியது நீண்டு ஜூலை 14 வரை போனது. எண்ணிப் பார்த்தால் 21 நாட்கள். மார்ச் 24 அன்று நாடு முழுவதற்கும் முதன்முதலாக அறிவிக்கப்பட்டதும் 21 நாட்களே. ஆகவே எங்கள் அலமாரிக்கு மூன்று வாரம் என்ற அளவை நான் வைத்துக்கொண்டதில் சோதிடம் எதுவும் இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் பின் ஒருவராக நோயில் விழுந்து எழுவதற்கும் ஏறக்குறைய அதே காலம் ஆகிறது என்பதைப் பிறகு சொந்த அனுபவத்தில் கண்டேன்.

கணக்கு எளியது. பிள்ளைகள் இருவர் உட்பட எங்கள் ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக அரிசி ஆகிறது; எனவே 25 கிலோ சிப்பம் ஒன்று மூன்று வாரத்துக்குப் போதும். (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு ஜிஎஸ்டி வந்தபின் கடைக்காரர்கள் 26 கிலோ மூட்டையாகத் தருகிறார்கள். அந்த ஒரு கிலோ எங்களுக்கு லாபமா நட்டமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.) துவரம் பருப்பு ஐந்து கிலோ, உளுந்து இரண்டு கிலோ, எண்ணெய் நான்கு லிட்டர், புளி ஒரு கிலோ, உப்பு இரண்டு கிலோ, அரைக் கிலோ பால் பவுடர். அரைக் கிலோ பவுடரில் ஏறக்குறைய நான்கு லிட்டர் பால் கரைக்கலாம். இதற்கு மேல் மளிகையைப் பற்றி விவரிக்க எதுவும் இல்லை. தன் வீட்டில் என்ன ஆகிறது என்பது அடுப்படியில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இவற்றை எப்போது வாங்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நோய்ச் செய்தி வந்தபின் ஒரே நாளில் ஐந்து கிலோ பருப்பு வாங்குகிறவர் அடுத்தவரின் பங்கை எடுக்கிறார். செய்தி எதுவும் இல்லாத மாதத்தில் வழக்கமான சாமானுடன் அரைக் கிலோ கூடுதலாக வாங்குகிறவரால் யாருக்கும் குறைவதில்லை. 2020 மார்ச் 13 அன்று முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும் அத்தியாவசியப் பொருட்கள் பட்டியலில் மத்திய அரசு சேர்க்க நேர்ந்ததும், அடுத்த வாரமே 200 மில்லி கிருமிநாசினிக்கு நூறு ரூபாய், மூன்றடுக்கு முகக்கவசத்துக்குப் பத்து ரூபாய் என்று உச்ச விலை விதிக்க நேர்ந்ததும் எல்லோரும் ஒரே வாரத்தில் வாங்கப் புறப்பட்டதன் விளைவு. நான் பத்து மாதங்களில், மாதம் ஒரு பொருளாகச் சேர்த்தேன். எங்கள் கடை அண்ணாச்சிக்கே அது தெரியாது.

சேர்த்ததைக் கெடாமல் வைப்பதற்கு என் மாமியார்தான் குரு. அரிசிக்கு வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும், துவரம் பருப்புக்குக் கையளவு விளக்கெண்ணெய் தடவி ஒரு வெயில், ரவையை வாங்கிய அன்றே வறுத்து ஆறவைத்து டப்பாவில் அடைத்தல் என்று அத்தைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. குலுக்கையில் நெல் கொட்டி வைத்த வீட்டில் பிறந்தவர். மூன்று வார இருப்பைப் பார்த்து, "இது என்ன இருப்பு, ஒரு கல்யாணத்துக்குக் காணாது" என்றார். நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: டப்பாவின் மேல் காகித நாடா ஒட்டி, வாங்கிய மாதத்தை எழுதுவேன். பழையது முன்னால், புதியது பின்னால். தனியாக எடுத்துவைத்துத் தொடாமல் காத்திருக்கும் இருப்பு வண்டுக்குத்தான் போய்ச் சேரும். முதல் ஆண்டில் பத்துக் கிலோ கோதுமை மாவை அப்படித்தான் இழந்தேன். எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள்தான் சப்பாத்தி. அன்றாடம் சாப்பிடாத பொருளை ஆபத்துக்காலத்துக்கென்று வாங்குவதைப் போன்ற மடமை வேறில்லை.

உண்மையில் எங்களை நெருக்கியது அரிசியோ பருப்போ அல்ல. ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில் அத்தையின் இன்சுலின் குப்பி ஒன்றே மிச்சம் இருந்தது. வழக்கமான மருந்துக்கடையில் இருப்பு இல்லை. நான்காவது கடையில் கிடைத்தது. அன்றுமுதல் அவருடைய மருந்துகள் எப்போதும் இரண்டு மாதத்துக்கு இருக்குமாறு, முதல் மாதத்துப் பெட்டி முடிந்தவுடனே அடுத்ததை வாங்கிவிடுகிறேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில், குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் படாமல் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் அது பயனற்றது. நீண்ட நேரம் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டபோது எங்கள் மருத்துவர் மண்பானையைத்தான் சொன்னார். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சிறிய பானை, அதற்குள் ஈரம் புகாத டப்பாவில் குப்பி, மேலே நனைத்த துணி. குளிர்பதனப் பெட்டிக்கு இது ஈடாகாது. ஆனால் மதுரையின் மே மாத வெயிலில் அலமாரியில் கிடப்பதைவிட எவ்வளவோ மேல். மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்ததோடு, ஒரு நகலை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். மாதவிடாய் அணையாடை, மூக்குக் கண்ணாடி, பையனின் இரைப்புக்கு வைத்திருக்கும் இன்ஹேலர் ஆகியவையும் இந்த வரிசையில் வருபவை. ஆண்கள் எழுதும் பட்டியல்களில் முதலாவது எப்போதும் விடுபடுகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன்.

2021 மே மாதத்தில் நோய் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. முதலில் என் கணவர், ஐந்து நாள் கழித்து நான். மளிகை இருந்தது, மருந்து இருந்தது. சமைக்க ஆள் இல்லை என்பதை நான் கணக்கில் கொள்ளவே இல்லை. அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, மகளுக்குப் பதின்மூன்று. அடுத்த ஒன்பது நாட்கள் அந்தச் சிறுமி செய்த ரவை உப்புமா, நொய்க்கஞ்சி, வெறும் தண்ணீரில் ஊறவைத்துத் தயிர் ஊற்றிய அவல், சுடுசோற்றில் பருப்புப் பொடியும் நெய்யும் ஆகியவற்றால்தான் வீடு நடந்தது. ஆகவே இப்போது அலமாரியின் ஒரு தட்டு முழுவதும், வீட்டில் ஆகச் சிறியவரால் செய்யக்கூடியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த மாதம் 24ஆம் தேதி முதல் மளிகைக் கடைகளும் மூடப்படும் என்று அறிவித்து, அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் கடைகளை இரவு ஒன்பது மணி வரை திறக்க அனுமதித்தபோது, ஊர் மறுபடியும் கடைவீதியில் நெருக்கியது. நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். நோயோடு அந்தக் கூட்டத்துக்குள் போகாமல் இருந்ததும் அலமாரியால்தான்.

ஒரே குளியலறை உள்ள வீட்டில் தனிமைப்படுத்தல் என்பது எழுதுவதற்கு எளிது. பின்னறையில் நாங்கள் இருவரும் ஜன்னலைத் திறந்து வைத்து இருந்தோம். முன்கூடத்தில் அத்தையும் பிள்ளைகளும். குளியலறையை மற்றவர்கள் பயன்படுத்தி முடித்த பின்பே நாங்கள் போவோம். வந்தபின் குழாய்ப்பிடியையும் தாழ்ப்பாளையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, காற்றுப்போக்கியை அரைமணி நேரம் ஓடவிடுவோம். பிளீச்சிங் பவுடரைச் சிறு பொட்டலமாக வாங்க வேண்டும். திறந்து வைத்தது நாளடைவில் வீரியம் இழந்துவிடும். கழிவறை கழுவும் ஆசிடோடு அதை ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு எழும். இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டி அளக்கும் ஆக்சிமீட்டரை எதிர்வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கினோம், ஏனெனில் அந்த வாரம் எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை. நாளுக்கு நான்கு முறை அளந்து தாளில் குறித்தோம். 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்கு என்று மருத்துவர் சொல்லியிருந்தார்; என் கணவருக்கு ஓர் இரவு 95 வரை வந்து நின்றது. மருதாணியோ நகப்பூச்சோ இருக்கும் விரலில், அல்லது குளிர்ந்த கையில் அளந்தால் எண் தவறாகக் காட்டும் என்பதை அந்த இரவுக்கு முன் தெரிந்துகொண்டிருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

மருந்துப் பெட்டியில் நான் வைத்திருப்பவை குறைவு: வெப்பமானி, பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து, ஆக்சிமீட்டர், இப்போது சொந்தமாக. கரைசல் பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் வைத்திருப்பதில்லை. அந்த மே மாதத்தில் உறவினர் ஒருவர், யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி எல்லோரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருந்தது. சர்க்கரை நோயாளிகள் ஸ்டீராய்டை அளவின்றி எடுத்துக்கொண்டதும் கருப்புப் பூஞ்சை பரவியதற்கு ஒரு காரணம் என்று மருத்துவர்கள் எச்சரித்ததை அதே மாதம் படித்தோம். அத்தையை நினைத்து எனக்கு உடல் நடுங்கியது.

எரிவாயுவுக்கு இரண்டாவது சிலிண்டர் இல்லாமல் இருப்பு வைத்துப் பயனில்லை. 2020 ஊரடங்கின் தொடக்கத்தில் ஒரு சிலிண்டருக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே பதினைந்து நாள் இடைவெளி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றிய தேதியை நாட்காட்டியில் குறித்து வருகிறேன், எங்களுக்கு 14.2 கிலோ முப்பத்தைந்து நாள் வருகிறது. குடிநீர்க் கேனை நம்புகிறவர்கள் அதைக் கொண்டுவரும் பையனும் நோயில் படுக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காய்ச்சிக் குடிக்கப் பெரிய பாத்திரம் ஒன்று இருந்தால் போதும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஓர் ஆயிரம் ரூபாய், மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால்.

நியாயவிலைக் கடையை எங்கள் தெருவில் பலர் கௌரவம் பார்த்துத் தவிர்த்து வந்தார்கள். 2021 ஜூன் மாதம் வழங்கப்பட்ட 14 பொருட்கள் அடங்கிய பையைப் பார்த்தபின் நான் அந்த எண்ணத்தை விட்டேன். கடுகும் சீரகமும் தேயிலையும் மட்டுமல்லாமல் குளியல் சோப்பும் துணி சோப்பும் இருந்த அந்தப் பட்டியலை எழுதியவர் ஒரு வீட்டை நடத்தத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த கொள்ளைநோய் மூச்சுவழி வருவதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. மழைக்காலம் தொடங்கினால் எங்கள் பகுதியில் டெங்கு வருகிறது. அதற்கு அலமாரி உதவாது. வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியையும் குடத்தையும் காலிசெய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனெனில் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர் வற்றினாலும் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டெங்கு என்ற ஐயம் இருக்கும் காய்ச்சலுக்கு ஆஸ்பிரினோ புரூஃபனோ கொடுக்கக் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டிவிடும் என்பதையும் அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மாடிப்படிக்குக் கீழே ஐந்து லிட்டர் கிருமிநாசினிக் கேன் ஒன்று 2020 முதல் கிடக்கிறது, பதற்றத்தில் வாங்கியது. கைக்குச் சோப்பே போதுமாக இருந்ததால் பாதிகூடத் தீரவில்லை. தீப்பற்றும் பொருளாகையால் அடுப்படிக்குப் பக்கத்தில் வைக்கவும் முடியாது. சென்ற வாரம் அதை வெளியே இழுத்தபோது அதன் பின்னால் எதிர்வீட்டு அக்காவின் ஆக்சிமீட்டர் உறை கிடைத்தது. கருவியைத் திருப்பிக் கொடுத்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிறது. உறையை நாளை கொடுக்க வேண்டும். எங்களுடையதில் கசிந்திருந்த மின்கலத்தையும் மாற்ற வேண்டும்.